அவர் சட்டை போடத் தொடங்கிய பிறகு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து. செத்துப்போன மச்சாளின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரும் இன்னொருவரிடம் கைநீட்டி வாழவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு மேல் என்னை விடவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல மூத்த மகளின் மகள் எழுதுகிறாள். சொன்னதை மாற்றி அழகாக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன கிழமை வேலணையிலிருந்து ஒரு பெண் வந்தாள். குசினியில் இருந்து மழையைப் பற்றிக் கதைத்தாள், வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தாள், தேத்தண்ணி குடித்தாள். எழும்பிப் போகும்போதுதான் வந்த விஷயம் வாய்க்கு வந்தது.

"மாமி, உங்கடை ஆளுக்கும் முந்தி ஆம்பிளைச் சத்துக்கு ஊசி போடச் சொன்னவையாமே? என்ரை மனுசனுக்கும் சொல்லியிருக்கினம். போடலாமோ?"

ஒரு சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "நான் முழுக்கச் சொல்லி எழுதுவிச்சுத் தாறன், கொண்டுபோய் வாசி" என்றேன். வெட்கப்படுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். கோபிக்க அவரும் இப்போது இல்லை.

எங்களுக்கு ஊர் புளியங்கூடல். அவர் புகையிலைத் தோட்டக்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு சால்வை. மேலில் வேறொன்றும் கிடையாது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்கூட அந்த வீட்டு வாசல்வரைக்கும்தான் சட்டை போட்டுக்கொண்டு போவார், உள்ளே போனதும் கழற்றிவிடுவார். அந்த நெஞ்சில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது.

அறுபது கடந்த பிறகு அது மெல்ல மெல்லத் தொடங்கியது. தண்ணீர் இறைக்கும் மிசினின் கயிற்றை இழுத்து அதைக் கிளப்ப முடியவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார். கன்றுக்குட்டியை விற்ற அன்று பின்வளவில் நின்று அழுதார். கன்று விற்று அழுகிற மனிதரல்ல அவர். முகம் வழிக்க வருகிற ஆள் ஒருநாள், "ஐயா, முந்தி உங்கடை தாடிக்குக் கத்தி ரெண்டு தரம் தீட்டோணும். இப்ப எனக்கு வேலையே இல்லை" என்று பகிடி விட்டார். இவர் சிரிக்கவில்லை. எங்களுக்குள் இருந்த உறவும் நின்றுபோயிருந்தது. அது வயதின் வேலை என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் எடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் தோட்டத்தில் சட்டையோடு நின்றார்.

"என்னப்பா, சேட்டோடை?"

"வெய்யில்."

அந்த வெய்யிலில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். கிணற்றடியில் குளிக்கும்போது தற்செயலாகப் பார்த்தேன். நெஞ்சின் இரண்டு பக்கமும் வீங்கி, பெரியபிள்ளையாகப் போகிற பெண்பிள்ளைக்குப் போல இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். வாளியை வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றார்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போக முடியாது. சால்வையையும் இடுப்பில் கட்ட வேண்டும். அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு நாள் எங்கள் குடும்பத்துடையது. அன்றைக்குச் சாமியைத் தூக்கிக் காவும்போது முன் தடியில் இவருடைய தோள்தான் இருக்கும், தகப்பனின் காலத்துக்குப் பிறகு ஒரு வருடமும் தவறியதில்லை. அந்த வருடம் பூசைக்கு வேண்டிய எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? கோயில் மனேச்சர் இவருடைய பெரியப்பாவின் மகன். ஒரு பின்னேரம் வெற்றிலைத் தட்டமும் ஆளுமாகச் சமாதானம் பேச வந்துவிட்டார்.

"என்ன தம்பி, இன்னும் அந்த மேளக் கோபமோ?"

"என்ன மேளம், அண்ணை?"

"போன வருசம் எங்கடை திருவிழாவுக்கு ரெண்டு கூட்டு மேளம் வந்தது, உன்ரை திருவிழாவுக்கு ஒரு கூட்டுத்தான் வந்தது. அதுதானே? எனக்கு அப்பவே தெரியும்."

இவர் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். பிறகு, "ஓம், அதுதான்" என்றார்.

குசினிக்குள் நின்று நான் எட்டிப் பார்த்தேன்.

"சின்னப்பிள்ளை மாதிரி! வாற வருசம் மூண்டு கூட்டுப் பிடிச்சுத் தாறன். நீ வந்து சாமியைத் தூக்கு."

"தேவையில்லை. என்னை விடுங்கோ."

அவர்கள் போன பிறகு, "ஏனப்பா இல்லாத கோபத்தை இருக்கு எண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"கோபக்காரன் எண்டு சொல்லட்டும். அதிலை ஒரு குறையும் இல்லை."

அந்தக் கோபம் வளர்ந்தது. மனேச்சர் அண்ணர் வீட்டார் எங்களுக்குச் சொல்லாமல் பேரனுக்குக் காது குத்தினார்கள். எங்கள் பக்கத்துச் சொந்தம் அவர்களோடு முறித்துக்கொண்டது. யாருக்கும் யாரோடும் ஒன்றுமில்லை. ஒரு மனிதர் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டார், அதற்கு ஒரு குறிச்சியே இரண்டாகப் பிரிந்து நின்றது.

யாழ்ப்பாணத்தில் இருந்த மூத்த மகளின் புருஷன்தான் முதலில் ஏதோ பிழை என்று கண்டுபிடித்தார். அவருக்குக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். அதிகம் கதைக்க மாட்டார். "மாமி, மாமாவை ஒரு பெரிய டொக்டரிட்டைக் காட்டுவம்" என்று மட்டும் சொல்லி, எல்லா ஒழுங்கும் செய்தார். நான் மருமகனுக்கு நேரே நின்று கதைக்கிறவளல்ல. கதவு நிலைக்கு அந்தப் பக்கம் நின்று "ஓம் தம்பி" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள மர வாங்கில் இருந்து காத்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் வருத்தத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவரிடம் கேட்டவர்களுக்கு, "வயித்துக் கோளாறு" என்றார்.

டொக்டர் தமிழர், நடுவயது, ஆறுதலாகக் கதைக்கிற மனிதர். மருமகன் மரியாதைக்குக் கைகட்டிக்கொண்டு மாமனாருக்குப் பின்னால் நின்றார். நான் மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். டொக்டர் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரலில் பழுது இருந்தாலும் இப்படி வீங்கலாம் என்று சொல்லி, "கள்ளுக் குடிப்பீங்களோ?" என்று கேட்டார்.

"புளிக்காத கருப்பணிதான்."

"கருப்பணி எப்ப கள்ளாகிறது எண்டு உங்கடை நாக்குக்குத் தெரியாதோ?"

"மருமகன் நிக்கிறார், ஐயா."

டொக்டர் சிரித்தார். ஈரலில் பழுதில்லை. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பல கிழமைக்குப் பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதுதான் டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆண்களின் விதையில் ஒரு சத்து ஊறி இரத்தத்தில் கலக்குமாம். தாடி, தசை, எலும்புப் பலம், ஆசை, மனத் தென்பு எல்லாம் அதனால்தானாம். டெஸ்டோஸ்டெரோன் என்று அதற்குப் பெயர், பேத்திதான் எழுத்துக் கூட்டினாள். வயது போகப் போக எல்லோருக்கும் அது கொஞ்சம் குறையுமாம், அது வருத்தமில்லை. இவருக்கு வயதுக்கு உரியதையும் விட நன்றாகக் குறைந்துவிட்டதாம். அதே சத்தை எண்ணெயில் கரைத்து ஊசியாகப் போடலாம், சில கிழமைக்கு ஒரு தடவை.

"அதைப் போட்டால் மிசின் கயிறு இழுப்பனோ?"

"இழுக்கக் கூடும். இழுக்காமலும் விடலாம்."

"நெஞ்சு வத்துமோ?"

"அது கனகாலம் இருந்திட்டுது. முழுக்க வத்தும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

என்றாலும் இவருடைய குரலில் ஒரு வெளிச்சம் வந்தது. சாமி காவ முடியுமா என்றுதான் அவர் கேட்கிறார் என்பது எனக்கு மட்டும் விளங்கியது. டொக்டர் பேனையை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார்.

"சலம் போறது எப்பிடி? தடைப்படுகுதோ? அடிக்கடி வருகுதோ? அப்பிடியெண்டால் இந்த ஊசியைச் சும்மா போடேலாது."

எனக்கு இவரைத் தெரியும். வேலியடியில் எவ்வளவு நேரம் நிற்கிறார், போய் வந்து படுத்து மறுபடி எழும்புகிறார், எல்லாம் தெரியும். இவர் மருமகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அது வலு திறம், ஒரு தடையுமில்லை."

பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்து ஆளுக்கு முன்னால் எந்த மாமனார் தன் சலத்தைப் பற்றிக் கதைப்பார்? அதோடு ஊசியும் வேண்டும். நான் எழும்பி மறைப்பைத் தாண்டிப் போனேன். மருமகனுக்கு நேரே, முக்காடும் இல்லாமல்.

"டொக்டர் ஐயா, அவர் சொல்லுறது பொய்."

மருமகன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "மாமி, நான் போய்ச் சோடா வாங்கிக்கொண்டு வாறன்" என்று வெளியே போனார். சோடாக் கடை பக்கத்தில்தான். நாங்கள் எல்லாம் கதைத்து முடித்த பிறகுதான் திரும்பி வந்தார். அந்த நாளைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

டொக்டர் கையுறை போட்டு உள்ளே விரலால் பரிசோதித்தார். சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்குமாம், கொட்டைப்பாக்கு அளவில். வயது போனால் அது வளர்ந்து சல வழியை நெருக்குமாம். இவருக்கு ஊறுகாய் போடுகிற தேசிக்காய் அளவில் வளர்ந்து, ஒரு பக்கம் கல்லுப்போல் இருந்ததாம். அந்தக் கல் கெட்ட கட்டியாக இருந்தால், ஆண் சத்து ஊசி அதற்குத் தீனி போட்டது மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரியிலேயே கட்டில் தந்து மறித்து வைத்தார்கள்.

இவர் என்னோடு கதைக்கவில்லை. பின்னேரத்தில் பார்க்க விடுவார்கள். மகள் புட்டும் மீன்சொதியும் கொண்டு வருவாள். அவளிடம் "கொம்மாவைப் போகச் சொல்லு" என்பார். நான் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். எனக்கும் ரோசம் இருக்கிறது. ஆனால் ரோசத்தை இருந்துகொண்டும் காட்டலாம்.

பக்கத்துக் கட்டிலில் மண்டைதீவுக் கடல்தொழிலாளி ஒருவர், யோசேப்பு என்று பெயர். அவருக்கும் அதே சுரப்பி. அவருடையது கெட்ட கட்டிதான் என்று தெரிந்து, அந்தச் சத்து ஊறாமல் இருக்க விதை இரண்டையும் அறுத்து எடுத்துவிட்டார்கள். அதை அவர் வாட்டுக்கே சொல்லிச் சிரித்தார்.

"அண்ணை, எனக்கு உள்ளதை எடுத்துப்போட்டாங்கள். உங்களுக்கு இல்லாததைப் போடப்போறாங்கள். என்ரையை உங்களுக்குத் தந்திருந்தால் செலவு மிச்சம்!"

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டேன், அதுவும் முதுகுப் பக்கத்திலிருந்து.

ஊசிபோன்ற ஒன்றால் சுரப்பியிலிருந்து நூல் அளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு சலத்தோடு இரத்தம் போனது. தாதி மிஸி, "பயப்பிடாதேங்கோ, இது நிக்கும்" என்றார். நின்றது. ஆனால் சலம் பிடித்த போத்திலைப் பார்த்த இவருடைய முகம் எனக்கு மறக்காது. அன்று அவர் யோசேப்பிடம் கேட்டார், என்னிடம் அல்ல.

"உமக்கு எப்பிடி இருந்தது? அறுத்த பிறகு?"

யோசேப்பு பகிடி விடவில்லை. "சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தனான், அண்ணை. ஆரோடையும் கதைக்கேல்லை. பேந்து மனுசி மீன்குழம்போடை வந்தா. மணந்தது. பசிச்சுது. பசிச்ச உடனை எனக்கே என்னிலை கோபம். பேந்து சாப்பிட்டன்" என்றார்.

மருமகன் ஒருநாள் மூன்று சட்டை தைப்பித்துக் கொண்டு வந்தார். தொளதொளவென்று, நெஞ்சின் இரண்டு பக்கமும் பெரிய பொக்கற். "வெத்திலை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் வைக்கலாம், மாமா" என்றார். பொக்கற் எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். இவர் வாங்கித் தடவிப் பார்த்து, "துணி நல்லது" என்றார்.

முடிவு வந்தது. எடுத்த சதையில் கெட்டது இல்லை.

"அப்ப போடலாமோ?" என்றார் இவர்.

"எடுத்த இடத்திலை இல்லை. எடுக்காத இடத்திலை இல்லை எண்டு என்னாலை சத்தியம் பண்ண ஏலாது" என்றார் டொக்டர். "போட்டால் தென்பு வரலாம். சலம் இன்னும் இறுகலாம். போடாட்டி இந்த இளைப்பு உங்களைக் கொல்லாது, ஆனால் இருக்கும். போடுறதெண்டால் நான் அடிக்கடி பாக்கோணும். இது உங்கடை முடிவு. வீட்டிலையும் கேளுங்கோ."

மருமகன் கொழும்பில் யாரையோ பிடித்து மருந்தை எடுப்பித்திருந்தார். சாமான் தட்டுப்பாடான காலம், அது லேசான காரியமல்ல. சின்னப் பெட்டியை என் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். அங்கேதான் இவர் என்னோடு வாய் திறந்தார்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

கலியாணம் செய்த நாளிலிருந்து எந்தக் காரியத்துக்கும் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. காணி வாங்கியபோதும் இல்லை.

"எனக்கு நீங்கள் இருந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றேன்.

"இருக்கிறதெண்டால் என்ன மாதிரி? மூலையிலை போட்ட நாலு கால் கதிரை மாதிரியோ?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பண்ணைப் பாலம் கடந்து கடலுக்கு நடுவே வரும்போதும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். பெட்டியை அலுமாரியில் வைத்தேன். ஊசி போட ஆள் பக்கத்தில் இருந்தார். நாளைக்கு, மறுநாளைக்கு என்று போனது. அலுமாரியைத் திறப்பார், பார்ப்பார், பூட்டுவார். மகள் வந்து, "போடாதேங்கோ ஐயா" என்று அழுதாள். "அழாதை. நான் அழுகிற அளவுக்கு நீயும் அழுதால் வீடு தாங்காது" என்றார்.

திருவிழா வந்தது. எங்கள் நாளன்று காலையில் குளித்துவிட்டு அந்தப் பெட்டியை என் கையில் தந்தார்.

"மருமகனிட்டைக் குடும். ஆருக்கும் உதவட்டும்."

"பயமோ?"

"பயமில்லை. இதைப் போட்டால் விடிஞ்சு எழும்பி நெஞ்சு வத்திச்சோ எண்டு பாப்பன், சலம் வருகுதோ எண்டு பாப்பன். நெடுக என்னையே பாத்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை."

பொக்கற் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். வாசலில் நின்றார். உள்ளே மேளம், மூன்று கூட்டு. அண்ணர் அவரைக் கண்டு வெளியே வந்தார். சனம் சண்டை பார்க்கத் திரும்பியது.

"என்ன, இப்பவாவது கோபம் ஆறிச்சோ?"

"கோபம் இல்லை அண்ணை. ஒருநாளும் இருக்கேல்லை." இவர் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஏலாது."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. அவர் இவருடைய கையையும் பொத்தானையும் பார்த்தார். பிறகு தன் இடுப்பில் கட்டியிருந்த பட்டுச் சால்வையை அவிழ்த்தார். "கழட்டிப்போட்டு இதைப் போத்துக்கொண்டு வா. கேக்கிறவன் என்னட்டைக் கேக்கட்டும்" என்றார். சனத்துக்கு முதுகைக் காட்டி மறைத்து நின்று, தானே போர்த்துவிட்டுக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

முன் தடியில் மருமகன் தோள் கொடுத்தார். பழக்கமில்லாத தோள், தடி ஒரு பக்கம் சரிந்தது. இவர் கூடவே நடந்தார். ஒரு கை போர்வையைப் பிடித்திருந்தது. மற்றக் கை தடியை நோக்கிப் போய்ப் போய்த் திரும்பியது. வெளிவீதி முழுவதும் அப்படியே நடந்தார். நான் சாமியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். தென்பு திரும்பவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரு தடவை சல வழியை வெட்டித் திருத்தினார்கள். கெட்டது ஒன்றும் காணவில்லை. கடைசியில் அவரைக் கொண்டுபோனது நெஞ்சுவலி, ஒரு விடியற்காலை, தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள். அப்படியானால் அந்த ஊசியைப் போட்டிருக்கலாமோ? அந்த வருடங்களை அவர் மண்வெட்டியோடு வாழ்ந்திருப்பாரோ? யோசேப்பு மாதிரி ஆகியிருப்பாரோ? டொக்டரும் தனக்குத் தெரியாது என்றார். எனக்கும் தெரியாது.

வேலணைப் பிள்ளைக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சலத்தைப் பற்றி டொக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், மருமகன் நின்றாலும். உன் மனிதரிடம் என்ன வேண்டும் என்று கேள். கேட்டால் பதிலுக்கு நின்று காத்திரு.

இனிப் போதும், பிள்ளை. பேனையை வைத்துவிட்டு வாசி. முழுக்க வேண்டாம். பஸ்ஸுக்கு நின்ற இடத்திலிருந்து வாசி. கதிரை மாதிரியோ என்று உன் அம்மப்பா கேட்டாரல்லவா, அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய்? பஸ் வந்துவிட்டது என்றா? அப்படிச் சொன்னது நான்தான். பஸ் வரவில்லை, மோனை. வர நிறைய நேரம் இருந்தது, பதில் சொல்லாமல் நின்றது நான். அதை வெட்டிவிட்டு அப்படியே எழுது. எழுதிவிட்டு இன்னொருக்கால் வாசி, நான் கேட்கிறேன்.